ஏழு மில்லிமீட்டர் சிரிப்பு

போன மாதம் எங்கள் ஊர் இளம் பல் டாக்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். அதில் ஒருவர் புதிதாக வாங்கிய மெஷினைக் காட்டிவிட்டுக் கேட்டார்: "பாய், சிரிச்சா ஈறு ஜாஸ்தியா தெரியற கேசுக்கு இப்பல்லாம் உதட்டுக்கு மேல ஒரு ஊசி போட்டா போதும், அஞ்சு நிமிஷம். ஈறைக் குறைக்கணும்னா லேசர், ரத்தமே வராது. உங்க காலத்துல இதுக்கு இன்னாதான் பண்ணீங்க?"

அவர் கேட்ட தோரணையைப் பார்த்தால் நாங்கள் உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தவர் போல இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சிரிக்க வெச்சோம்" என்றேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள், பாய் ஜோக் அடிக்கிறார் என்று. நான் ஜோக் அடிக்கவில்லை. அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

நான் பல் மெக்கானிக். மெக்கானிக் என்றதும் லாரி ஷெட்டை நினைக்காதீர்கள். டாக்டர் எடுத்துக் கொடுக்கிற அச்சில் கல்லாக இறுகுகிற வெள்ளை மாவைக் குழைத்து ஊற்றி, மெழுகில் பல் வரிசை வைத்து, செட்டும் கேப்பும் செய்து கொடுக்கிற ஆள். என் அத்தா கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் பார்த்தவர். சின்ன சாமான்களோடு மல்லுக்கட்டுகிற புத்தி அவரிடமிருந்து வந்தது. வாய் என் சொந்தச் சம்பாத்தியம். வேலூரில் மூன்று வருஷம் தொழில் பழகினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பாதி நாள் மாவுச் சட்டி கழுவினேன். எழுபதுகளின் நடுவில் ஊருக்குத் திரும்பி, தேரடிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த டாக்டர் மரகதத்தின் கிளினிக்கில் சேர்ந்தேன்.

எங்கள் ஊரில் அன்று பொம்பளை டாக்டர் என்றால் பிரசவத்துக்குத்தான். பல் பிடுங்க ஒரு அம்மா வந்திருக்கிறார் என்றதும் முதல் ஆறு மாதம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே அதிகம். அவர் சட்டை செய்யவில்லை. ஒல்லி உடம்பு, கதர்ப் புடவை, பின்னலை எப்போதும் கொண்டையாகச் சுருட்டி ஒரு வலைக்குள் போட்டிருப்பார். கரண்டு போனால் காலால் மிதிக்கிற மெஷினை இழுத்துப் போட்டு, நின்றுகொண்டே மிதித்துக்கொண்டே பல் தோண்டுவார், கை ஆடாது. சாதாரணமாக என்னை "பாய்" என்பார். கோபம் வந்தால் "மிஸ்டர் காதர்" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அந்த "மிஸ்டர்" வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இன்னொரு சங்கதி. டாக்டருக்கே சிரித்தால் ஈறு தெரியும். கொஞ்ச நஞ்சமில்லை, பல்லுக்கு மேலே ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. அதை மூடவும் மாட்டார், மறைக்கவும் மாட்டார். தலையைப் பின்னால் சாய்த்து, கீழே பாத்திரக் கடைக்காரருக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பார்.

ஈறு தெரிகிறது என்று யார் வந்தாலும் உடனே கத்தியை எடுக்க மாட்டார். "பாய், வீடு ஒழுகுதுன்னா ஓடா, சுவரா, குழாயான்னு பாக்காம சிமெண்ட் குழைக்கலாமா?" என்பார். சிலருக்குப் பல் சரியான நீளம்தான், ஈறு இறங்கி வந்து அதைப் பாதி மூடியிருக்கும். ஈறைச் செதுக்கினால் போதும். சிலருக்கு மேலுதடு சிரித்ததும் திரைச்சீலை மாதிரி மேலே ஏறிவிடும். உதட்டின் உள்பக்கம் ஒரு பட்டை சதையை எடுத்துத் தைத்துவிட்டால் அவ்வளவு ஏறாது. அப்போதுதான் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்த முறை அது. சின்னப் பிள்ளைகள் என்றால் பல்லுக்குக் கம்பி கட்டலாம். தாடை எலும்பே நீளம் என்றால் மெட்ராஸில் பெரிய ஆபரேஷன். "அது நம்ம மாடியில நடக்காது, பொய் சொல்லிக் காசு வாங்கவும் கூடாது" என்று பஸ் ஏற்றி விடுவார், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பி விடுவார்.

எது எந்தக் கேஸ் என்று எப்படித் தெரியும்? நிஜமாகச் சிரிக்கும்போது அளந்தால்தான் தெரியும். பல் டாக்டர் நாற்காலியில் எவன் சிரிப்பான்? "சிரிங்க" என்றால் போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்புதான் வரும். அதில் உதடு பாதிதான் ஏறும். அதனால் டாக்டருக்கு ஒரு சட்டம் இருந்தது. மூன்று வெவ்வேறு நாள், மூன்று நிஜச் சிரிப்பு, மூன்று அளவு. அளக்க ஒரு எவர்சில்வர் கம்பி, மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக நானே அரம் வைத்துத் தேய்த்துக் கொடுத்தது. சிரிக்க வைப்பது என் பொறுப்பு. அதில் எனக்குத் தோல்வியே கிடையாது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன், விசாலாட்சி டீச்சர் வருகிற வரைக்கும்.

ஆவணி மாதம். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து அப்பாவும் மகளுமாக வந்தார்கள். அப்பாவின் கையில் ஒரு பை அவித்த மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மகளுக்கு இருபத்துநாலு வயசிருக்கும். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். வலது கை வாயை விட்டு இறங்கவே இல்லை. பேசியதெல்லாம் விரல் இடுக்கு வழியாகத்தான்.

"எனக்கு ஈறை எடுத்துடுங்க டாக்டர். ஒட்ட எடுத்துடுங்க."

"எதுக்கும்மா அவ்ளோ அவசரம்?"

அப்பாதான் சொன்னார். "ஆபீசர் வந்து மெமோ குடுத்துட்டாரும்மா. வேல போயிடும்ங்கறாங்க."

நடந்தது இதுதான். டீச்சர் சின்ன வயசிலிருந்தே கேலிக்குப் பயந்து வாயைப் பொத்திப் பேசிப் பழகியவர். பாடமும் அப்படியே நடத்தியிருக்கிறார். அவர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு "அ... அம்மா" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? அ என்ற எழுத்தை அப்படித்தான் சொல்லவேண்டும் போல என்று நாற்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு "அ... அம்மா" என்று படித்திருக்கிறார்கள். கல்வி அதிகாரி சோதனைக்கு வந்த அன்று ஒரு பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொன்னார். எழுந்தது, வாயைப் பொத்தியது, படித்தது. அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை, எல்லாம் அதே கதி.

அந்த அதிகாரி மானமுள்ள மனுஷர். அவருடைய பாட்டன் பூட்டன்கள் பெரிய வீட்டு வாசலில் கைகட்டி வாய்பொத்தி நின்றவர்களாம். அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "எந்தக் காலத்துலம்மா இருக்கீங்க? கூலிக்காரன் பிள்ளைங்கன்னா வாயைப் பொத்தித்தான் பேசணும்னு சொல்லிக்குடுக்கறீங்களா?" என்று வகுப்பிலேயே சத்தம் போட்டிருக்கிறார். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கையை எடுத்துக் காட்டவேண்டும். டீச்சர் எடுக்கவில்லை. அரைப் பரீட்சைக்கு முன்னால் மறுபடி வருவேன், பிள்ளைகள் அப்போதும் இப்படியே இருந்தால் உங்கள் வேலையை நிரந்தரம் செய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு முட்டியது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை. டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "நாற்பது பிள்ளைங்களுமா?"

"நாற்பத்தோரு பிள்ளைங்க டாக்டர்" என்றார் டீச்சர், கைக்குள்ளிருந்து.

பிறகு, உள்ளே வரும்போது டாக்டர் சிரித்து வரவேற்றதைக் கவனித்திருப்பார் போல, கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கும் இருக்குதே டாக்டர். நீங்க ஏன் பண்ணிக்கல?" என்று கேட்டார். நான் ஆடிப்போய்விட்டேன். டாக்டர் சாவகாசமாகச் சொன்னார்: "எனக்கு அது தொந்தரவு பண்ணலம்மா. உனக்குப் பண்ணுது. அவ்ளோதான் வித்தியாசம்." என்னைப் போல் சிரி, தைரியமாக இரு என்று ஒரு வார்த்தை உபதேசம் பண்ணவில்லை. அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பண்ணியிருப்பார்கள். நானே பண்ணியிருப்பேன்.

முதல் நாள் அளவுக்கு உட்கார வைத்தோம். என் கைவசம் இருந்த சரக்கிலேயே முதல் தரமானதை எடுத்து விட்டேன். நான் செட்டுப் பல் செய்து கொடுத்த ஒரு தாத்தா, சாப்பிடும்போது பல் தேய்ந்துவிடும் என்று கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார், தீபத்தன்றைக்கு மட்டும் மாட்டிக்கொண்டு மலையைப் பார்த்துச் சிரிப்பார். ஊரே விழுந்து விழுந்து சிரித்த கதை அது. டீச்சர் "பாவம்" என்றார். இரண்டாவது நாளும் போனது. அப்பா சிரித்தார், வெளியே கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவன் கூடச் சிரித்து "ஐயோ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். டீச்சர் அசையவில்லை. எனக்கு மானப்பிரச்சினையாகிவிட்டது.

மூன்றாம் தடவை வந்தபோது டாக்டர் ஒரு வேலை செய்தார். இரண்டு டம்ளரில் வழிய வழியத் தண்ணீர் ஊற்றி, "கொஞ்சம் பிடிம்மா" என்று டீச்சரிடம் கைக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, கம்பியோடு பக்கத்தில் நின்றுகொண்டார். நான் ஒரு ரப்பர்க் கிண்ணத்தில் மாவு குழைத்துக்கொண்டே கதை சொன்னேன். கதை மும்முரத்தில் மாவை மறந்துவிட்டேன். அது கரண்டியோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. கையை வீசி வீசிக் கதை சொல்கிறேன், கரண்டி நுனியில் கிண்ணமும் கூடவே பறந்து வருகிறது, எனக்குத் தெரியவே இல்லை. அது என் குல்லாயைத் தட்டிவிட்டது. நான் "யாருப்பா அது?" என்று திரும்பிப் பார்த்தேன்.

டீச்சர் வெடித்துச் சிரித்துவிட்டார். கை வாய்க்குப் போகத் துடித்தது, ஆனால் டம்ளர் இருக்கிறதே! ஒரு டம்ளர் டாக்டர் மேலேயே கொட்டியது. டாக்டர் நனைந்தபடியே, "பாய், அசையாதீங்க, அப்படியே நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டு கம்பியை வைத்து அளந்தார்.

"ஏழு."

அதற்கப்புறம் இரண்டு அளவு சுலபமாகக் கிடைத்தது. கிண்ணத்தைக் காட்டினாலே போதும். மூன்றும் ஏழு. பல்லைத் தொட்டுப் பார்த்ததில் மூன்று மில்லிமீட்டர் பல் ஈறுக்குள் ஒளிந்திருந்தது. மீதி நான்கு, உதடு ஏறுவதால். முதலில் ஈறு, அது ஆறிய பிறகு தேவைப்பட்டால் உதடு என்று டாக்டர் முடிவு செய்தார்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். மாவு மாடலில் மெழுகு வைத்து, வேலை முடிந்தால் பல் எப்படி இருக்கும் என்று காட்டுவது வழக்கம். டாக்டர் மூன்று மில்லிமீட்டர் என்றால் நான் ஐந்து வைத்தேன், அழகாக இருக்கட்டுமே என்று. சினிமாக்காரி பல் மாதிரி பளபளவென்று இருந்தது. அதை டாக்டர் பார்க்கும் முன்னே டீச்சரிடம் காட்டியும்விட்டேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. "எனக்கு இதேதான் வேணும்" என்று டாக்டரிடம் போய் நின்றார்.

டாக்டர் மாடலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு, மிஸ்டர் காதர்" என்றார். பிறகு டீச்சரை உட்கார வைத்து, பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். ஈறுக்குக் கீழே எலும்பு இருக்கிறது. எலும்புக்கும் ஈறு விளிம்புக்கும் நடுவில் இவ்வளவு இடம் உடம்பு கேட்கும். அதற்குள் புகுந்து வெட்டினால் ஆறு மாதத்தில் ஈறு திரும்ப வளர்ந்து வரும், இல்லையென்றால் வீங்கிச் சிவந்து கிடக்கும். "பாய் அழகாப் பண்ணியிருக்காரு, ஆனா அவரு பண்ணது மெழுகு. மெழுகுக்கு எலும்பு கெடையாது." டீச்சர் அழுதார். டாக்டர் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, நகத்தால் இரண்டு மில்லிமீட்டர் மெழுகைச் சுரண்டி எடுத்து, "இவ்ளோதான் என்னால தர முடியும். இதுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்று தலையாட்டிய பிறகுதான் தேதி கொடுத்தார். எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது ஒரு சனிக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக விழுகிற நேரம். மரத்துப்போகிற ஊசியை டாக்டர் அவ்வளவு மெதுவாகப் போடுவார், போட்டதே தெரியாது. பிறகு கூர்மையான முனையால் ஒவ்வொரு பல்லுக்கு மேலும் ஈறில் மூன்று புள்ளி. புள்ளியில் துளித் துளியாக ரத்தம் நிற்கும். அந்தப் புள்ளிகள்தான் கோடு. கத்தியை நேராக வைக்காமல் சாய்த்துப் பிடித்து, ஒரு கோரைப் பல்லிலிருந்து மறு கோரைப் பல் வரை ஒரே இழுப்பில் வருவார். சாய்த்து வெட்டினால்தான் ஆறும்போது ஈறு மெல்லிசாகப் படியும், இல்லையென்றால் தடித்த விளிம்பு நின்றுவிடும். கத்தி வரும்போது அவர் மூச்சு விடமாட்டார். நானும் விடமாட்டேன். அந்தக் கையை நான் பதினாறு வருஷம் பார்த்தேன், ஒருநாளும் அலுக்கவில்லை. வெட்டிய பட்டை முழுசாக ஒரு நூல் மாதிரி வந்தது. அடியில் இருந்து பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஏனோ தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

கிராம்பு எண்ணெயில் மருந்துப் பொடியைக் குழைத்து நான் உருட்டிக் கொடுத்த பசையை ஈறின் மேல் அப்பி மூடினார். ஒரு வாரம் அது அப்படியே இருக்கவேண்டும். சூடு, காரம் கூடாது, ஆறின கஞ்சி, உப்புத் தண்ணீர்க் கொப்புளிப்பு. "மல்லாட்ட?" என்று கேட்டார் அப்பா. "உங்களுக்கு ஓகே" என்றார் டாக்டர்.

ஆறு வாரத்தில் ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் அழகாகப் படிந்துவிட்டது. பல் முழுசாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்து டீச்சர் சிரித்தார். சிரித்ததும் வலது கை சரேலென்று வந்து வாயைப் பொத்திக்கொண்டது.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தோம்.

"ஈறை எடுத்தாச்சு. கையை யாரு எடுக்கறது?" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார். "அது உங்க டிபார்ட்மெண்ட், பாய்."

அதிகாரி வர இன்னும் மூன்று வாரம். தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் டவுன் பஸ் பிடித்து கிளினிக்குக்கு வரவேண்டும், வெளியே உட்கார்ந்திருக்கிற நோயாளிகளுக்கு ஒண்ணாங்கிளாஸ் பாடம் நடத்தவேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் குச்சி. கன்னம் வீங்கியவர்கள், பல் பிடுங்கிப் பஞ்சு கடித்தவர்கள், செட்டு மாட்ட வந்த பெரியவர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து "ஆ... ஆடு" என்று கோரஸ் பாடினார்கள். ஒரு மாட்டு வியாபாரி, "டீச்சரம்மா, எனக்கு அந்த ஈ வரைக்கும்தான் வாய் தெறக்குது, மீதிய நாளைக்கிப் படிக்கறேன்" என்றார். பத்து நாளில் டீச்சர் குச்சியைக் கீழே வைத்துவிட்டும் பேசினார். கை கீழேயே இருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்த நாளே டீச்சர் அழுதுகொண்டு வந்தார். "நான் எடுத்துட்டேன் பாய். பசங்க எடுக்க மாட்டேங்கறாங்க. கையை எடுங்கடான்னா கட்டிக்கிறாங்க, படிக்கச் சொன்னா திரும்ப வாய்க்குப் போயிடுது. நாலு மாசமா நான்தானே சொல்லிக்குடுத்தேன்."

மறுநாள் காலை டாக்டர் கிளினிக்கைப் பூட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பல் பரிசோதனை என்று தலைமை ஆசிரியருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு ஜட்கா வண்டி பிடித்து இருவரும் போனோம். நாற்பத்தோரு பிள்ளைகள் தரையில் வரிசையாக. டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நாற்பத்தோரு கையும் வாய்க்குப் போய்விட்டது. "ஆ காட்டு" என்றால் இன்னும் இறுக்கிப் பொத்துகிறார்கள். டாக்டர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். எனக்கே கை கால் ஓடவில்லை. பையிலிருந்த சாமானை எடுக்கக் குனிந்தேன், குல்லாய் கழன்று தண்ணீர்ப் பானைக்குள் விழுந்தது. சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை.

டீச்சர் சிரித்துவிட்டார். தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறைய, கை இரண்டும் இடுப்பில். பாடம் சொல்லக் கையை எடுத்திருந்தாலும் அவர் அங்கே சிரித்ததே இல்லை, நாலு மாதமாக அந்தப் பிள்ளைகள் பார்க்காத முகம் அது. முன் வரிசையில் இருந்த ஒரு பொண்ணு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பிறகு பின்னால் திரும்பிக் கத்தியது:

"டேய், டீச்சருக்குப் பல்லு இருக்குதுடா!"

அவ்வளவுதான், வகுப்பே எழுந்து டீச்சரைச் சுற்றிக்கொண்டது. "காட்டுங்க டீச்சர்! இன்னொரு தரம் டீச்சர்!" அவர் காட்டினார். உடனே ஒரு பையன் கையை எடுத்தான். "எனக்கு ரெண்டு இல்ல டீச்சர், இங்க பாருங்க!" இன்னொருவன் அவனைத் தள்ளினான். "எனக்கு மூணு டீச்சர்! ஒண்ணு ஆடுது!" ஆறு வயசுப் பிள்ளைகள். முன் பல் விழுகிற வயசு. ஆளாளுக்கு உதட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். வாயைப் பொத்த ஒரு கை மிச்சமில்லை. டாக்டர் அந்தக் கூட்டத்தின் நடுவே தரையில் உட்கார்ந்து, தன் ஈறெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்.

தீபம் முடிந்த வாரம் அதிகாரி வந்தார். எழுப்பிய பிள்ளையெல்லாம் கையைக் கீழே விட்டு, ஊர் கேட்கக் கத்திப் படித்திருக்கிறது. போகும்போது அவர் டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் கிளினிக்குக்கு வந்தார். உதட்டு வேலையைப் பற்றி முடிவு செய்வதாகச் சொல்லியிருந்த நாள். டாக்டர் கம்பியை எடுத்தார், நான் தொண்டையைக் கனைத்தேன். தேவையே படவில்லை. பிள்ளைகள் செய்த அட்டகாசத்தைச் சொல்லிச் சொல்லி டீச்சர் தானாகவே சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அளந்தார்.

"நாலு இருக்கு. உள்ளுதட்டுல ஒரு தையல் போட்டா இதுவும் போயிடும். சின்ன வேலைதான். போட்டுடலாமா?"

டீச்சர் கண்ணாடியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் டாக்டர். எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் ஈறுதான் தெரியுது."